வெட்டுப்புள்ளியில் தவறிய வருடம்

உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதிய பிள்ளை இருக்கும் வீட்டில், வெட்டுப்புள்ளி வெளிவரும் நாள் எப்படி விடியும் என்று நற்பிட்டிமுனையில் யாருக்கும் சொல்லிக் காட்டத் தேவையில்லை. காலையில் கல்முனை ஸாஹிராவுக்கோ மஹ்மூத் மகளிர் கல்லூரிக்கோ, கார்மேல் பற்றிமாவுக்கோ உவெஸ்லிக்கோ போய், பின்னேரம் ரியூசன், இரவில் பழைய வினாத்தாள் என்று இரண்டு வருடத்தைக் கழித்த பிள்ளைகள். மருத்துவ பீடம் மயிரிழையில் தவறினால் ஊரே வந்து ஆறுதல் சொல்லும். தொழில்வழிச் சிகிச்சை படிக்க ஆசைப்பட்டு, அதற்கும் புள்ளி போதாமல் போன பிள்ளைக்கு ஆறுதல் சொல்லக்கூட ஆளில்லை. “அதென்ன படிப்பு? பிசியோவா? நேர்சிங்கா?” என்று மாமியும் சாச்சியும் கேட்பார்கள். பிள்ளை விளக்கத் தொடங்குவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அந்தப் பிள்ளைக்காகவும், அந்தப் பிள்ளையின் உம்மா வாப்பாவுக்காகவும், அம்மா அப்பாவுக்காகவும்தான் இந்தக் கட்டுரை. இந்த ஊரில் இரண்டு சமூகத்தின் வீடுகளும் இருக்கின்றன. இரண்டிலும் இதே கேள்வி இருக்கிறது. கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகு, அடுத்த விண்ணப்பத்துக்கு முன் இருக்கும் அந்த ஒரு வருடத்தை என்ன செய்வது?

பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, அதே ரியூசன் வகுப்பில் அதே மூலையில் பிள்ளையை மறுபடி உட்கார வைப்பது. இல்லையென்றால் யாரோ ஒரு முகவர் சொன்னார் என்று காணியை ஈடு வைத்து வெளிநாட்டுக் கற்கைநெறிக்குப் பணம் கட்டுவது. இரண்டுமே சில பிள்ளைகளுக்குச் சரியாக வரலாம். ஆனால் தம்மை மறுத்தது எது, அது எதைப் பார்த்து மறுத்தது என்று விசாரிக்காமல் இவற்றில் இறங்குவதுதான் பிழை. இலக்கத்தை மட்டும் பார்க்கும் வழி இருக்கிறது. தகைமைப் பட்டியலைப் பார்க்கும் வழி இருக்கிறது. உங்கள் எழுத்தையும் பேச்சையும் பார்க்கும் வழியும் இருக்கிறது. ஒன்றுக்குத் தேவையான தயாரிப்பை இன்னொன்றுக்குச் செய்தால் வருடம் போய்விடும்.

அதற்கு முன், இந்தப் படிப்பு எதற்கு என்பதைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் விண்ணப்பத்தைப் பலப்படுத்துவது என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை.

ஒரு கைப்பிடிச் சோறு

பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துக்கொண்ட ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வயது அறுபது. வைத்தியசாலையில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். இயன்மருத்துவர், அதாவது நாம் பிசியோ என்று சொல்பவர், நிற்கவும் நாலடி நடக்கவும் பழக்கிவிட்டார். பெண் வீட்டுக்கு வருகிறார். வந்த அன்றே சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கிறது, வலக்கை எழும்பவில்லை. இடக்கையால் சாப்பிட மனம் இடம் கொடுக்கவில்லை. மகள் ஊட்டிவிடுகிறாள். ஒரு நாள், ஒரு மாதம், ஒரு வருடம் ஊட்டுகிறாள். அந்தப் பெண்ணின் வலக்கைக்கு வேலையே இல்லாமல் போகிறது. வேலையில்லாத கை மடங்கி இறுகிப் போகிறது.

இந்த இடத்தில்தான் தொழில்வழிச் சிகிச்சையாளர் வருகிறார். வைத்தியசாலைக்குள் ஓ.ரி. என்றுதான் சொல்வார்கள். அவர் முதலில் கேட்பது நோயின் பெயரை அல்ல. “உங்களுக்கு எதைத் திரும்பச் செய்ய ஆசை?” என்று கேட்பார். கையால் அள்ளிச் சாப்பிட வேண்டும், சுயமாக வுழூச் செய்து தொழ வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னால், அன்றைய சிகிச்சை அதுவேதான். முதற்படியாக, தடித்த பிடி போட்ட கரண்டியை வலக்கையில் பொருத்தி, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு ஒரு வாய் எடுத்துப் பார்ப்பது. தட்டு வழுக்காமல் அடியில் ஈரத்துணி விரிப்பது. சோறு வெளியே தள்ளுப்படாமல் விளிம்பு உயர்ந்த தட்டு எடுப்பது. வுழூவுக்குக் குழாயடியில் ஒரு கதிரை, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி, இயங்கும் கையால் இயங்காத கையைக் கழுவும் முறை. பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மாவுக்கு அதே வருத்தம் வந்தால், சாமிக்குப் பூ வைப்பதும் சுளகில் அரிசி புடைப்பதும் சிகிச்சையாகும். ஆளுக்கு ஆள் வாழ்க்கை வேறு. ஆகையால் சிகிச்சையும் வேறு.

கை மடங்கி இறுகாமல் இருக்க அவர் ஒரு தாங்கியும் செய்துகொடுப்பார். அதைச் செய்யும் விதம் பார்க்க வேண்டிய ஒன்று. ஒருவகைப் பிளாஸ்திக் தகட்டை நோயாளியின் கைக்கு அளவெடுத்து வெட்டி, ஏறக்குறைய எழுபது பாகை சூட்டுத் தண்ணீரில் போடுவார். கட்டியாக இருந்த தகடு ஓரிரு நிமிடத்தில் ரொட்டி மா போல இளகும். துணியில் ஒற்றி, சூடு பொறுக்கக்கூடியதா என்று தன் தோலில் வைத்துப் பார்த்துவிட்டு, நோயாளியின் மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும் படியவைத்து, விரல்களைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். தகடு ஆறி இறுகும்போது அந்தக் கையின் வடிவத்திலேயே இறுகிவிடும். எலும்பு துருத்தும் இடத்தில் அழுத்தினால் புண் வரும். அதை முன்கூட்டியே பார்த்து அந்த இடத்தைக் குழியாக விட வேண்டும். உடற்கூற்றியல் படிப்பும் கைவேலையும் ஒன்றாய்ச் சேரும் தொழில் இது.

சாப்பாடு, குளிப்பு, உடுப்பு என்பதோடு முடிவதில்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளை வகுப்பறையின் சத்தத்தைத் தாங்கப் பழகுவது, தீக்காயம் பட்ட கை மறுபடி ஊசி நூல் பிடிப்பது, மனநோயிலிருந்து மீண்டவர் காலையில் எழுந்து ஒரு வேலைக்குப் போய்வரும் ஒழுங்குக்குத் திரும்புவது எல்லாம் இதற்குள் வரும்.

இந்தத் தொழில் பிறந்த கதையும் இப்படியானதுதான். ஜோர்ஜ் பார்ட்டன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் காசநோயால் அவதிப்பட்டார், காலின் ஒரு பகுதியை இழந்தார், இடப்பக்கம் செயலிழந்தது. தோட்ட வேலையும் மரவேலையும் செய்து செய்து தன்னைத் தானே மீட்டுக்கொண்டார். நியூயோர்க் மாநிலத்தில் அவருடைய வீட்டில்தான் 1917 மார்ச் மாதத்தில் சிலர் கூடி இந்தத் தொழிலுக்கான முதலாவது சங்கத்தை அமைத்தார்கள். ஆசியாவில் முதல் பள்ளியை 1950இல் பம்பாய் கே.ஈ.எம். வைத்தியசாலையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, ஓர் இந்தியரை மணந்து இந்தியாவுக்கு வந்தவர். அவர் தொழில்வழிச் சிகிச்சை படித்தது ஐம்பதை நெருங்கும் வயதில். பத்தொன்பது வயதில் ஒரு தடவை தவறியதும் காலம் கடந்துவிட்டது என்று அழும் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்வதுண்டு.

இந்தக் கரைக்கு ஏன்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானவர்கள், அதாவது 16 இலட்சம் பேர், பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தம்மைத் தாமே பராமரிப்பது போன்றவற்றில் ஏதோவொரு சிரமத்தோடு வாழ்கிறார்கள். அம்பாறைக் கரையில் அதன்மேல் வேறு பாரங்களும் ஏறியிருக்கின்றன. போர்க்காலத்தில் கைகால் இழந்தவர்கள் இப்போது முதுமை அடைந்துகொண்டிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்த மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது எல்லாம் அதில் சிதைந்தன. சீனி வருத்தமும் பிரசரும் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. அவற்றின் பின்னாலேயே பாரிசவாதம் வருகிறது.

வுழூ என்றால் என்ன, சாரம் உடுத்துவது எப்படி, துருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவும் பெண்ணுக்கு முழங்காலும் இடுப்பும் எப்படி மடங்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்த ஒருவர் இங்கே இந்த வேலையைச் செய்வதற்கும், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மருதமுனையில் தறியில் உட்கார்ந்த கை விழுந்துவிட்டால், அந்தக் கைக்கு நெசவைவிட நல்ல பயிற்சி எதுவாக இருக்கும்? இந்தத் தொழிலின் தொடக்க காலத்தில் அமெரிக்க வைத்தியசாலைகளில் தறி ஒரு சிகிச்சைக் கருவியாகவே இருந்தது. நமக்கு அது பக்கத்து ஊர்.

இலக்கம் பார்க்கும் வழி

இலங்கையில் தொழில்வழிச் சிகிச்சையைப் பட்டமாகப் படிக்கும் இடம் களனிப் பல்கலைக்கழகம். அதன் மருத்துவ பீடம் ராகமையில் இருக்கிறது. விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான அயாட்டி நிலையமும், பக்கத்திலேயே புனர்வாழ்வு வைத்தியசாலையும் இருப்பதால் படிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான சூழல் நாட்டில் இல்லை. அனுமதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாக, இசட் புள்ளியை மட்டும் வைத்து.

இங்கே ஒரு உண்மையை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். இந்த வழியில் உங்கள் தொண்டு வேலையையோ கடிதத்தையோ யாரும் பார்க்கப்போவதில்லை. வெட்டுப்புள்ளிக்கு மேலே இருந்தால் உள்ளே, கீழே இருந்தால் வெளியே. ஆகவே இந்த வழியில் திரும்ப முயல்கிறவர் செய்ய வேண்டியது இசட் புள்ளியை விளங்கிக்கொண்டு படிப்பதுதான்.

2001இலிருந்து நடைமுறையில் இருக்கும் அந்தக் கணக்கு கடினமானதல்ல. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை நியம விலகலால் பிரித்தால் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி. மூன்று பாடத்தினதும் சராசரிதான் உங்களுடைய இறுதி இலக்கம். ஒருவருக்கு உயிரியலில் 1.2, இரசாயனவியலில் 0.9, பௌதிகவியலில் 0.3 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 0.8. அவர் தனக்குப் பிடித்த உயிரியலையே இன்னும் ஒரு வருடம் உருப்போட்டு 1.2ஐ 1.4 ஆக்கினால் இறுதி இலக்கம் 0.87க்கு மேல் போகாது. பயந்து ஒதுக்கிய பௌதிகவியலை 0.3இலிருந்து 0.9க்குக் கொண்டுவந்தால் அதே இலக்கம் 1.0 ஆகிவிடும். உயிரியல் பிள்ளைகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பௌதிகவியல்தான் என்பது இந்தப் பக்கத்து ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வது. மறுபடி தோற்றும் பிள்ளை பழைய வகுப்புக்கே போய் அதே பாடத்தை அதே வேகத்தில் கேட்பதைவிட, முந்திய வருட விடைத்தாளை நினைவிலிருந்து எடுத்து, எந்த அலகில் சறுக்கியது என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, அந்த அலகுகளில் மாதங்களைப் போட வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். மூன்று பாடத்தையும் ஒரே அமர்வில்தான் எழுத வேண்டும். போன வருடத்து நல்ல பெறுபேறு ஒன்றை இந்த வருடத்தோடு ஒட்ட முடியாது. அதனால் பலவீனமான பாடத்தை உயர்த்தும்போது பலமான பாடத்தைக் கைவிடவும் கூடாது.

இடங்கள் பொதுவாக 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் பிரிகின்றன. அம்பாறை அந்தக் கடைசிப் பட்டியலில் உள்ள மாவட்டம். ஆகவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் உடையத் தேவையில்லை. பார்க்க வேண்டியது நம்முடைய மாவட்டத்துக்கு எதிரே உள்ள இலக்கத்தை. ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் கிடைக்கிற வருடங்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறிய கற்கைநெறிகளில் வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும்.

இன்னொன்று தெரிவு வரிசை. மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலை வாசிக்காமல் அண்ணன் நிரப்பிய வரிசையையோ இன்டர்நெட் கஃபேக்காரர் சொன்ன வரிசையையோ அப்படியே நிரப்பி ஏமாந்த பிள்ளைகள் இந்தக் கரையில் ஏராளம். உண்மையில் விரும்பும் கற்கைநெறியைக் கீழே போட்டுவிட்டு, மேலே போட்ட ஏதோ ஒன்று கிடைத்து, அதற்குப் பதிவும் செய்துவிட்டால், அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கும் உரிமையே போகக்கூடும். பதிவு பற்றிய விதிகள் அந்தக் கைநூலில்தான் இருக்கின்றன. பதிவு செய்யும் முன் அந்தப் பக்கங்களை மூன்று தடவை வாசியுங்கள்.

வர்த்தமானி

இரண்டாவது வழி சுகாதார அமைச்சு. கொழும்பு தேசிய வைத்தியசாலையோடு இணைந்த இயன்மருத்துவ, தொழில்வழிச் சிகிச்சைப் பள்ளி நீண்டகாலமாக டிப்ளோமாப் பயிற்சி கொடுத்துவருகிறது; இன்று அரச வைத்தியசாலைகளில் பணிபுரியும் ஓ.ரி.க்களில் பெரும்பாலானோர் அங்கிருந்து வந்தவர்கள்தான். பயிலுநர்களை அமைச்சு வர்த்தமானி அறிவித்தல் மூலம் கோருகிறது. ஆனால் ஒவ்வொரு வருடமும் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. வந்தால், முடிவுத் திகதி நெருக்கமாக இருக்கும். வயதெல்லை, உயர்தரத்தில் தேவைப்படும் பாடங்கள், சாதாரண தரத்தில் எந்தப் பாடங்களுக்குத் திறமைச் சித்தி வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த அறிவித்தலில் இருக்கும். போன அறிவித்தலை வைத்து இந்தத் தடவையையும் முடிவெடுக்கக் கூடாது.

இங்கே மறுக்கப்படுகிறவர்களில் ஒரு பகுதியினர் தகுதி இல்லாமல் மறுக்கப்படுவதில்லை. சாதாரண தரத்தில் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ ஒரு படி குறைந்த சித்தி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. உறுதிப்படுத்தாத பிரதி. முடிவுத் திகதிக்குப் பிறகு போய்ச் சேர்ந்த தபால். கவலைப்பட்டுக்கொண்டு ஒரு வருடம் இருப்பதைவிட, சாதாரண தரத்தில் அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதி உயர்த்தலாம். பெயர்த் திருத்தத்தைப் பிரதேச செயலகத்தில் முடித்துவைக்கலாம். வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானியைப் பார்ப்பதை வீட்டில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். பாரிய காரியமாகத் தோன்றாது. வாய்ப்புத் தவறிய பலர் இந்த இடத்தில்தான் தவறியிருக்கிறார்கள்.

கூடவே சிங்களம். படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். வார்டில் நோயாளி சிங்களத்தில் பேசுவார். ராகமையிலோ கொழும்பிலோ முதல் வருடத்தில் நம் பிள்ளைகள் தடுமாறுவது பாடத்தில் அல்ல, கட்டிலருகில்தான். “வலிக்கிறதா, எந்த இடத்தில், காலையில் எழும்பினால் என்ன செய்வீர்கள்” என்று மூன்று கேள்வியைச் சிங்களத்தில் கேட்கவும், வரும் பதிலை விளங்கிக்கொள்ளவும் முடிந்தால் பாதிப் பயம் போய்விடும். காத்திருக்கும் வருடத்தில் இதைவிடப் பயனுள்ள முதலீடு எனக்குத் தெரியவில்லை.

எழுத்தையும் பேச்சையும் பார்க்கும் வழி

மூன்றாவது வழி கடல் கடந்தது. இலண்டனிலோ டொரொன்டோவிலோ பிறந்து வளர்ந்த நம் உறவுப் பிள்ளைகளுக்கும் இதே மறுப்பு வருகிறது. ஆனால் அங்கே மறுப்பதற்கான காரணம் வேறு.

பிரித்தானியாவில் 2026 சேர்க்கையிலிருந்து சுயவிவரக் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படி உங்களைத் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்து தயாரானீர்கள். எல்லாம் சேர்த்து 4,000 எழுத்துருக்களுக்குள். கனடாவில் முதுமாணி நிலையில்தான் ஓ.ரி. ஆக முடியும், ஒன்டாரியோப் பல்கலைக்கழகங்களுக்கு ஓர்பாஸ் என்ற ஒரே விண்ணப்பச் சேவை இருக்கிறது. அமெரிக்காவிலும் பட்டத்துக்குப் பிந்திய படிப்புத்தான். அங்கே பல பள்ளிகள், ஓ.ரி. ஒருவரின் பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்த மணிநேரத்தைச் சான்றோடு கேட்கின்றன. இந்தியாவில் பம்பாய் தொட்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வரை இந்தத் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் இளமாணிப் படிப்பு இருக்கிறது. நான்கு வருடத்துக்கு மேல் எடுக்கும்.

எங்கே போனாலும் பணம் கட்டும் முன் இரண்டு விடயத்தை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். அந்தக் கற்கைநெறி உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? அந்தச் சம்மேளனம் குறைந்தது 1,000 மணிநேரக் களப்பயிற்சியைக் கேட்கிறது. அது இல்லாத படிப்பு வெறும் காகிதம். மற்றது, திரும்பி வந்தால் இலங்கை மருத்துவச் சபை பதிவுக்கு என்ன கேட்கும்? முகவரின் வாய்ச்சொல்லை நம்பி வாப்பா கட்டாரில் உழைத்து அனுப்பிய பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

இந்த வழியில் மறுக்கப்படுகிறவர்களின் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். “சிறு வயதிலிருந்தே மக்களுக்கு உதவ எனக்கு ஆசை.” உதவும் ஆசை தாதிக்கும் இருக்கிறது, ஆசிரியருக்கும் இருக்கிறது. தெரிவு செய்பவர் தேடுவது, ஓ.ரி. செய்யும் வேலையை இந்தப் பிள்ளை கண்ணால் பார்த்திருக்கிறதா, பார்த்ததை விளங்கியிருக்கிறதா என்பதை. மறுப்பு வந்தால் காரணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். எல்லோரும் பதில் சொல்ல மாட்டார்கள், சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு வரிப் பதில், ஊரில் உள்ள பத்துப் பேரின் ஆலோசனையைவிட மேலானது.

தேத்தண்ணி போடுவதை எழுதிப் பாருங்கள்

எந்த வழியில் திரும்பப் போனாலும் பயன்படும் பயிற்சி ஒன்று இருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாள் முழுவதும் செய்வது அதைத்தான்: ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்து, ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்று கண்டுபிடிப்பது.

உங்கள் வீட்டில் வயதான ஒருவர் தேத்தண்ணி போடுவதை ஒரு கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்து பாருங்கள். அடுப்படிக்கு நடக்கிறார், வாசற்படியில் ஒரு கை சுவரைப் பிடிக்கிறது. கேத்தலை நிரப்புகிறார், பாதிதான் நிரப்புகிறார், ஏனென்றால் முழுதாகத் தூக்க முடியாது. மேல்தட்டில் இருக்கும் சீனி டின்னை எட்டுகிறார். தோள் அதற்குமேல் உயரவில்லை, நுனிக்காலில் நிற்கிறார். மூடியைத் திருகுகிறார், விரல் மூட்டு நோகிறது, சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகுகிறார். சீனி போட்டோமா இல்லையா என்று மறந்து ருசி பார்க்கிறார். இதில் பலம் இருக்கிறது, சமநிலை இருக்கிறது, பார்வை இருக்கிறது, நினைவு இருக்கிறது, பழக்கம் இருக்கிறது. எந்தப் படியில் விழும் ஆபத்து? சீனி டின்னைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் எத்தனை படி இலகுவாகும்? அவர் அதற்குச் சம்மதிப்பாரா, அல்லது இத்தனை வருடம் தான் வைத்த இடத்தை மாற்றியதற்குக் கோபப்படுவாரா? இந்தக் கடைசிக் கேள்வியையும் எழுதிய பிள்ளை பாதி ஓ.ரி. ஆகிவிட்டது.

இப்படி எழுதிய கொப்பி ஒன்று கையில் இருந்தால் கட்டுரையும் நேர்முகமும் தானாக வரும். இலக்கம் மட்டும் பார்க்கும் வழியில் போகிறவருக்கும் அது வீண் போகாது. இந்த வேலை தனக்குப் பிடிக்குமா என்பதை மூன்றாவது தடவை பரீட்சைக்கு உட்காரும் முன்பே அது சொல்லிவிடும். பிடிக்கவில்லை என்று தெரிவதும் நல்லதுதான். பேச்சு, செவிப்புலச் சிகிச்சை களனியில் இருக்கிறது. இயன்மருத்துவம் கொழும்பிலும் பேராதனையிலும். தாதியியல் மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே. விசேட தேவைக் கல்வியைத் திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். இவற்றில் எந்தத் தெரிவையும் இரண்டாம் தரம் என்று நினைக்கக் கூடாது. கொப்பியில் எழுதியது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

வெளியே போயும் பார்க்க வேண்டும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர்கள் ஊடாக நடக்கும் சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வு வேலையில் தொண்டராகச் சேரலாம். பாடசாலையில் விசேட கல்வி அலகு இருந்தால் வாரத்தில் ஒரு காலைப்பொழுது போய் உதவலாம். வைத்தியசாலைச் சிகிச்சைப் பிரிவுக்குச் சும்மா போய் நிற்க முடியாது. வைத்திய அத்தியட்சகருக்குக் கடிதம் கொடுத்து அனுமதி பெற வேண்டும். நோயாளியின் பெயரையோ படத்தையோ கொப்பியிலும் கைப்பேசியிலும் ஏற்றக் கூடாது. அதை முதல் நாளே கடைப்பிடிக்கும் பிள்ளையைச் சிகிச்சையாளர் மறுநாளும் வரச் சொல்வார்.

பெண் பிள்ளையைத் தூர அனுப்புவது பற்றி ஒரு வார்த்தை. ராகமைக்கு அனுப்புவதா, விடுதி எப்படி, முன்பின் தெரியாத நோயாளியைத் தொட்டு வேலை செய்வதா என்ற தயக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் நோயாளிப் பெண்ணின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். குளிக்கவும் உடுக்கவும் மறுபடி பழக வேண்டிய உம்மம்மா, முன்னால் ஓர் ஆண் நிற்பதால் “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று சொல்லிவிடுகிறார். அதோடு சிகிச்சை நின்றுவிடுகிறது. நம் வீட்டுப் பெண்கள் கூச்சப்படாமல் குணமாக வேண்டுமென்றால் நம் வீட்டுப் பெண்கள்தான் இதைப் படித்துவர வேண்டும். தயங்கும் பெற்றோரை, ஏற்கெனவே அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் பெற்றோரோடு பேசவைப்பது எந்த உபதேசத்தையும்விட உதவும்.

ஊர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கல்முனையில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் இருக்கிறது, வலயக் கல்விப் பணிமனையும் இருக்கிறது. ஆதார வைத்தியசாலைகளும் இங்கேயே இருக்கின்றன. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும் உயிரியல் மாணவர்களில் விரும்புகிறவர்களை, சிறு சிறு குழுவாக, ஒரு வாரத்துக்கு வைத்தியசாலைகளின் சிகிச்சைப் பிரிவுகளில் முறைப்படி பார்வையாளராக இருக்க விட இரண்டு பணிமனைகளும் சேர்ந்து ஓர் ஒழுங்கு செய்யலாம். பள்ளிவாசல் நிருவாகமும் கோயில் பரிபாலன சபையும் பழைய மாணவர் சங்கங்களும் போக்குவரத்துச் செலவைப் பொறுப்பெடுக்கலாம். கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பால் நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் முடியாது. பரீட்சை முடிந்த அடுத்த வாரமே இதைத் தொடங்க வேண்டும். தெரிவு வரிசையை நிரப்பும் நாள் வருவதற்குள், ஓ.ரி. என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகள் தங்கள் மாமிமாருக்கும் சாச்சிமாருக்கும் சொல்லும் நிலைக்கு வந்துவிடுவார்கள்.